நூறு ரூபாய் நம்பர்

தள்ளுவண்டி இட்லிக் கடையிலிருந்து திருவிழா அன்னதானம் வரை, அடுப்புப் பற்றவைக்கும் எல்லாரும் இப்போது ஒரு 14 இலக்க எண்ணைத் தேடுகிறார்கள். எண் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. வினை அதற்குப் பிறகுதான்.

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின இரவில் மதுரைக்குத் தூக்கம் கிடையாது. கோரிப்பாளையத்திலிருந்து ஆழ்வார்புரம் வரை சாலையின் இரு பக்கமும் பந்தல், பந்தலுக்குப் பந்தல் அண்டா. ஒன்றில் புளியோதரை, பக்கத்தில் தக்காளி சாதம், அதற்கடுத்து பானகம். அழகர் ஆற்றில் இறங்க இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் ஆளுயரத் துடுப்பால் சர்க்கரைப் பொங்கலைக் கிளறுகிறார். தொன்னைகளை அடுக்கிக்கொண்டிருக்கும் சிறுவனுக்கு, சாமி வரும்முன் எத்தனை தொன்னை தீரும் என்பதுதான் கவலை. பந்தல் காலில் கட்டிய தட்டியில் உபயதாரர் பெயர்கள். அவற்றுக்குக் கீழே, மழை வந்தாலும் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டிய ஒரு தாள். உணவு பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று.

சில ஆண்டுகளாகவே திருவிழா நெருங்கும்போது இப்படி ஓர் அறிவிப்பு வருகிறது: அன்னதானம், நீர்மோர், பிரசாதம் வழங்குவோர் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். திருவண்ணாமலை கார்த்திகை தீபத்துக்கும் இதே ஏற்பாடு உண்டு. “சாமி பேரைச் சொல்லிப் போடுற சோத்துக்கும் லைசென்ஸா?” என்று கேட்காத உபயதாரர் இல்லை. 2006-ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் இதற்கு நேராகவே பதில் வைத்திருக்கிறது. ‘உணவுத் தொழில்’ என்றால் லாபத்துக்கு நடத்துவதும் அதில் சேரும், லாபமில்லாமல் நடத்துவதும் சேரும். ஆயிரம் பேருக்கு ஒரே அண்டாவிலிருந்து சோறு போனால், அது புண்ணியமா வியாபாரமா என்று கிருமி பார்க்காது என்பது சட்டத்தின் கணக்கு. கேட்க எரிச்சலாக இருந்தாலும் நியாயம் அதில் இருக்கிறது.

ஆனால் அந்தத் தாள் பந்தலில் தொங்குவதால் பொங்கல் கிளறும் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிட்டதா? தமிழ்நாட்டில் சோற்றுக்கடை போட நினைக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியின் ஏதோ ஒரு முனையில்தான் நிற்கிறார்கள்.

சுகாதார ஆய்வாளர் காலத்திலிருந்து

1954-இல் வந்த உணவுக் கலப்படத் தடைச் சட்டம்தான் அரை நூற்றாண்டு ஓடியது. பழங்களுக்கு ஓர் ஆணை, இறைச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கிடந்தவற்றை எல்லாம் ஒன்றாக்கியது 2006 சட்டம். 2008-இல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் ஆணையம் அமைந்தது. 2011 ஆகஸ்ட் 5 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. வணிகர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. எல்லாரும் உரிமம் வாங்கிவிட வேண்டும் என்ற கெடு பலமுறை தள்ளிப்போடப்பட்டது. ஊர்க்காரர்கள் ‘ஃபுட் இன்ஸ்பெக்டர்’ என்றே இன்றும் கூப்பிடுபவரின் பதவிப் பெயர் உணவு பாதுகாப்பு அலுவலர் என்று மாறியது. மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர் அவருக்கு மேல்.

ஒரு நாளைக்கு 3,288 ரூபாய்

2011 விதிகள் மூன்று படிக்கட்டு போட்டன. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் சிறு வியாபாரி. அவருக்கு ‘பதிவு’ போதும், ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் 20 கோடி வரை மாநில ‘உரிமம்’. கட்டணம் 2,000-த்திலிருந்து 5,000 ரூபாய் வரை. 20 கோடியைத் தாண்டினாலோ, இறக்குமதி போன்ற வகையானாலோ மத்திய உரிமம், 7,500 ரூபாய்.

12 லட்சம் என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். 365 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 3,288 ரூபாய்கூட முழுதாக வராது.

15 ரூபாய் டீ 220 விற்றால் அந்த எல்லை தாண்டியாயிற்று. பேருந்து நிலைய வாசலில் இருக்கும் டீக்கடையில் காலை ஒன்பது மணிக்குள் அவ்வளவு கிளாஸ் கழுவியிருப்பார்கள். 120 ரூபாய் பிரியாணி 28 பொட்டலம் போனால் போதும். இது லாபமும் இல்லை. மொத்த விற்பனை. அரிசி, கறி, கேஸ், மாஸ்டர் சம்பளம், வாடகை எல்லாம் போக அந்த மனிதர் வீட்டுக்கு எடுத்துப்போவது எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், சேவை வழங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டிய எல்லையே 20 லட்சம்தான். வரித் துறையின் கண்ணுக்குப் படாத அளவுக்குச் சின்னவர், உணவுத் துறையின் 2011 அளவுகோலில் சின்னவர் இல்லை. 2011-இல் டீ ஐந்தாறு ரூபாய்க்கு விற்றது. கோடு கிழித்த காலத்தில் அதற்கு ஒரு பொருள் இருந்திருக்கும். விலைவாசி ஏற ஏற, கடை ஒரு அடிகூட வளராமலேயே கடைக்காரர் ‘சிறு வியாபாரி’ என்ற வரையறையிலிருந்து வெளியே போய்விட்டார். எல்லையை உயர்த்துவது, காலாவதி இல்லாத சான்று தருவது என்றெல்லாம் திருத்தங்கள் வருவதால் இந்த எண்கள் மாறியிருக்கலாம். ஆகவே விண்ணப்பிக்கும் அன்றைக்கு அரசு இணையதளம் என்ன எல்லை, என்ன கட்டணம் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்வது உத்தமம்.

நடப்பது என்ன? பெரும்பாலானவர்கள் விற்பனையைக் குறைத்துச் சொல்லிப் பதிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குப் பெரிதில்லை. உரிமம் என்றால் சமையலறை வரைபடம் வேண்டும், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை வேண்டும், இயந்திரங்களின் பட்டியல், உணவு பாதுகாப்புத் திட்டம், பொறுப்பாளர் நியமனப் படிவம் என்று காகிதம் நீளும். பதிவுக்கோ போட்டோ, அடையாள அட்டை, முகவரிச் சான்று, அவ்வளவுதான். ஆக, இரண்டு அறை நிறைய மேசை போட்டு, தந்தூரி அடுப்பும் டீப் ஃப்ரீசரும் வைத்த கடையும் தள்ளுவண்டிக்குரிய சான்றை மாட்டிக்கொண்டு நடக்கிறது. அரசின் ஏட்டில் மாநிலம் முழுக்கத் தள்ளுவண்டிகள்!

ஓ.டி.பி. யாருக்குப் போகிறது?

2020 ஜூன் முதல் விண்ணப்பம் எல்லாம் ஃபாஸ்காஸ் என்ற இணையதளம் வழியாகத்தான். தமிழ்நாடு அந்த முதல் கட்டத்திலேயே அதில் சேர்ந்தது. பதிவுக்கான படிவம் ‘ஏ’, உரிமத்துக்கானது ‘பி’. பத்தாவது வரை படித்து, கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரிந்த யாரும் படிவம் ‘ஏ’யை அரை மணியில் முடித்துவிடலாம். ஒரே ஓர் இடத்தில்தான் திணறல் வரும். ‘என்ன வகைத் தொழில்?’ என்று கேட்டு ஒரு நீளப் பட்டியல் விரியும். தயாரிப்பு, விற்பனை, உணவகம், கேட்டரிங், ஊர் ஊராகச் சுற்றி விற்பவர், தற்காலிகக் கடை... வீட்டில் இட்லிப்பொடி அரைத்துப் பாக்கெட் போட்டு, வாசலிலும் விற்று, கடைக்கும் போடும் பெண்மணி இதில் எதைத் தொடுவார்? ‘சில்லறை விற்பனை’யைத் தொட்டால் சான்று வரும், ஆனால் அவர் தயாரிப்பது அதில் அடங்காது. பின்னால் ஆய்வுக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

இந்தத் திணறலில்தான் புரோக்கருக்குப் பிழைப்பு. தேடுபொறியில் ‘ஃபுட் லைசென்ஸ்’ என்று தட்டினால் அரசு தளத்துக்கு முன்னாலேயே அரசு தளம்போல வண்ணமும் சின்னமும் போட்ட தனியார் தளங்கள் வந்து நிற்கும். நம்பரைக் கொடுத்த ஐந்தாவது நிமிடம் போன் வரும். நூறு ரூபாய்ப் பதிவுக்கு ஆயிரக்கணக்கில் ‘சர்வீஸ் சார்ஜ்’. பணம் போவதைக்கூட விடுங்கள், செய்த வேலைக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் புரோக்கர் தன் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவதில்தான் ஆபத்து. இனி துறையிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியும் அவருக்கு. விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினாலும் அவருக்கு. சான்றில் ஒரு திருத்தம் செய்ய வேண்டுமானால் ஓ.டி.பி.யும் அவருக்கு. கடைக்காரர் பெயர் சான்றில் இருக்கும். சாவி இன்னொருவர் சட்டைப்பையில் இருக்கும். அந்த ஆள் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டால், நியமன அலுவலர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்துத் தன் எண்ணைச் சேர்க்கச் சொல்லி அலைய வேண்டியதுதான்.

சொந்தக் கைப்பேசி, சொந்த மின்னஞ்சல். புதிதாகக் கடை போடுகிறவருக்கு ஒரே ஒரு யோசனை சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். பிரவுசிங் சென்டரில் கொடுத்து நிரப்பச் சொன்னாலும் சரி, பொதுச் சேவை மையத்துக்குப் போனாலும் சரி, திரையில் அந்த இரண்டு கட்டங்களில் என்ன தட்டுகிறார்கள் என்பதைக் குனிந்து பார்த்துவிடுங்கள்.

பெட்டிச் செய்தி: நம்பரைப் படிக்கலாம் வாங்க

ஹோட்டல் சுவரிலும் பில்லிலும் மசாலா பாக்கெட்டிலும் இருக்கும் 14 இலக்கத்தின் முதல் எண் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டு, சான்று வழங்கிய ஆண்டு. நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் குளுகுளு ஹோட்டலின் எண் 2-இல் தொடங்கினால், அங்கே விற்பனைக் கணக்கு கொஞ்சம் அடக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று யூகிக்கலாம். பில்லில் இந்த எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் எண்ணைத் தட்டினால் அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும், புகாரும் கொடுக்கலாம்.

லைசென்ஸ் ஒன்று, ஆபீஸ் பல

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர் வந்துவிட்டால் கடை திறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது வரிசையில் ஒன்று. நகரத்தில் மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம், கிராமத்தில் ஊராட்சியின் ‘டி அண்ட் ஓ’ உரிமம், அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரி, மின் இணைப்பை வீட்டுக் கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாற்றுவது, 14.2 கிலோ வீட்டு சிலிண்டருக்குப் பதில் 19 கிலோ வணிக சிலிண்டர், பெரிய கடையானால் தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நடைபாதையில் என்றால் 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம், தனித்தனிக் கவுன்ட்டர்.

இதில் மடக்குவது பெரும்பாலும் அரசு இல்லை, கட்டட உரிமையாளர். அட்வான்ஸை ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் பல வீட்டுக்காரர்கள் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். சொத்து வரி வணிகக் கட்டடக் கணக்குக்கு ஏறிவிடும், ஈ.பி. ரேட் மாறிவிடும் என்ற பயம். ஒப்பந்தம் இல்லாமல் முகவரிச் சான்று இல்லை, முகவரிச் சான்று இல்லாமல் லைசென்ஸ் இல்லை. அட்வான்ஸ் கொடுத்து, டைல்ஸ் ஒட்டி, அடுப்பு மேடை கட்டி, மாஸ்டருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, பூட்டிய கடைக்கு வாடகை கட்டியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் ‘உணவுத் தொழில் நடத்த ஆட்சேபணை இல்லை’ என்ற ஒரு வரியை எழுதி வாங்குபவர்கள் பிழைத்தார்கள்.

யார் வந்து பார்த்தார்கள்?

சட்டப்படி பதிவு விண்ணப்பம் வந்த ஏழு நாளுக்குள் சான்று தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது நேரில் ஆய்வு செய்யப்போவதாகச் சொல்ல வேண்டும். சிறு கடைகளுக்குச் சான்று பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்தே வந்துவிடும். குற்றம் சொல்ல முடியாது. ஒரு வட்டாரத்துக்கே ஓர் அலுவலர். மளிகைக் கடை, ரேஷன் கடை, பள்ளிச் சத்துணவுக் கூடம், டீக்கடை, பேக்கரி, கல்யாண மண்டபம், குடிநீர் கேன் கம்பெனி, கோயில் பிரசாதக் கடை என அத்தனையும் அவர் பொறுப்பு. இடையில் மேலிடத்திலிருந்து ‘இந்த வாரம் குட்கா’, ‘அடுத்த வாரம் மாம்பழம் பழுக்கவைக்கும் கல்’ என்று சிறப்பு ரெய்டு உத்தரவு வேறு வரும்.

ஆனால் சான்று வாங்கியவர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தால் கண்ணைக் கட்டும். விதிகளின் நான்காம் அட்டவணை அது. சமையல் செய்பவர், பரிமாறுபவர் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசி. பச்சைக் கறிக்கும் சமைத்ததற்கும் தனித்தனிப் பலகை, கத்தி. குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, சூடானது 60-க்கு மேலே. உரிமம் பெற்ற கடையில் 25 ஊழியருக்கு ஒருவராவது ‘ஃபாஸ்டாக்’ எனும் உணவு பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது; அதில் கெட்ட பொருட்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. பஜ்ஜியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பதும் தப்புதான்; அச்சு மை எண்ணெயில் கரைந்து வயிற்றுக்குப் போகும். மாலை நேரத்து பஜ்ஜிக் கடையில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், இரண்டு தாளாக மடித்துக் கொடுப்பார்.

இந்த நிபந்தனைகளை யாரும் கடைக்காரருக்குத் தமிழில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை. சான்று பி.டி.எஃப். ஆக வருகிறது, லேமினேட் ஆகிறது, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடிக்கப்படுகிறது.

விபரீதம் நடந்த பிறகுதான் ஊர் விழிக்கிறது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். அதே கடையில் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாளிலிருந்து மாநிலம் முழுக்க ஷவர்மா கடைகளில் சோதனை, கிலோ கணக்கில் கோழி அழிப்பு. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் இதேபோல ஒரு மாணவி இறந்தபோதும் இங்கே ஒரு சுற்று சோதனை நடந்து ஓய்ந்திருந்தது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி எனும் துணிச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, சாயமேற்றிய பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது.

தடைகள் தேவைதான், சந்தேகமில்லை. ஆனால் நம்மூரில் உணவு பாதுகாப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு இந்த வரிசையே சாட்சி. சான்று கொடுக்கும்போது சமையலறையைப் பார்ப்பதில்லை. சமையலறையிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு எல்லாச் சமையலறைகளையும் ஒரே வாரத்தில் பார்க்கிறோம். ஷவர்மாக் கம்பியில் சுற்றும் கறியின் உட்புறம் வெந்ததா, மயோனைஸ் கிண்ணம் எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது, ராத்திரி கரன்ட் போனபோது ஃப்ரீசர் என்ன ஆனது: இவற்றைப் படிவம் ‘ஏ’ கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் விண்ணப்பம் போட்ட முதலாளி. கம்பியருகே நிற்பவர் வெளியூரிலிருந்து நேற்று வந்த பையன்.

மாதிரி எடுத்தால் அதை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒன்று பகுப்பாய்வுக்கூடத்துக்குப் போகும். 14 நாளில் அறிக்கை வர வேண்டும். சென்னை கிண்டியிலும் மதுரை, கோவை போன்ற ஊர்களிலும் அரசுக் கூடங்கள் இருக்கின்றன. உயிருக்கு ஆபத்தானது என்று அறிக்கை வந்தால் நீதிமன்றம். தரம் குறைவு, தவறான லேபிள், அசுத்தம் என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணை, அபராதம். உடனே சீல் வைத்துவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். குறைகளைச் சுட்டிக்காட்டி, சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாமல் அவகாசம் தரும் ‘முன்னேற்ற அறிவிப்பு’ என்ற படி சட்டத்தின் 32-ஆவது பிரிவில் இருக்கிறது. கடைக்காரருக்கு அது தெரியாததால்தான் ‘பார்த்துக்கலாம்’ என்று பேரம் பேச ஆட்கள் முளைக்கிறார்கள்.

பெட்டிச் செய்தி: தவறினால்

அசுத்தமான சூழலில் தயாரித்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். லேபிளில் தவறான தகவல், 3 லட்சம் வரை. தரம் குறைந்த உணவு, 5 லட்சம் வரை. உணவால் உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். இறந்தவர் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் இழப்பீடு. உரிமம் வாங்க வேண்டியவர் வாங்காமல் நடத்தினால் ஆறு மாதம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்று 2006 சட்டம் முதலில் சொன்னது. இந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் சிலவற்றை 2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் மாற்றியது. தன் வயலில் விளைந்ததையும் தான் பிடித்த மீனையும் விற்கும் விவசாயி, மீனவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதையே ஊறுகாயாகவோ கருவாட்டுத் தொக்காகவோ ஆக்கிப் பாட்டிலில் அடைத்தால் பொருந்தும்.

அடுப்படியே ஆலை

கொரோனா ஊரடங்கில் வேலை போன வீடுகள் பல, அடுப்படியைத்தான் நம்பின. கேக், முறுக்கு, பருப்புப் பொடி, சத்துமாவு, வாட்ஸ்அப் குரூப்பில் மதியச் சாப்பாடு. இவர்களில் பலருக்குச் சட்டம் தங்களுக்கும் பொருந்தும் என்பதே தெரியாது. தெரிந்தவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். “லைசென்ஸ் வாங்கினா மீட்டரை கமர்ஷியல் ஆக்கிருவாங்களாமே” என்ற ஒரு வார்த்தை ஒரு தெருவையே நிறுத்திவிடுகிறது.

பதிவு வாங்கியவர்களுக்கு அடுத்த சிக்கல் லேபிள். பொருளின் பெயர், சேர்ந்தவற்றின் பட்டியல், எடை, தயாரித்த தேதி, எதுவரை சாப்பிடலாம், தொகுதி எண், முகவரி, 14 இலக்க எண், பச்சை வட்டமா பழுப்பு முக்கோணமா, நிலக்கடலை, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள் உண்டா என்பது வரை அச்சிட வேண்டும். ‘எதுவரை சாப்பிடலாம்’ என்பதை எப்படி முடிவு செய்வது? அம்மா காலத்தில் ஊறுகாய் ஒரு வருஷம் இருந்தது என்பது அனுபவம்; அது வீட்டு ஜாடியில், உலர்ந்த கரண்டியோடு. பிளாஸ்டிக் பாக்கெட்டில், வெயில் படும் கடைக் கம்பியில் தொங்கும்போது கணக்கு வேறு. பக்கத்துக் கடை பாக்கெட்டைப் பார்த்து ‘ஆறு மாதம்’ என்று போட்டுவிடுபவர்கள் ஏராளம். ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, காலம் தாங்குமா என்று சோதிக்க ஆகும் செலவு, பதிவுக் கட்டணத்தைப்போல பல மடங்கு. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு மாவட்டத்துக்கு ஓர் இடத்தில் இந்தப் பரிசோதனையைச் சலுகை விலையில் செய்து கொடுத்தால், நூறு ரூபாயை அவர்களிடம் வாங்குவதில் ஒரு அர்த்தம் இருக்கும்.

ஆப் கேட்கிறது, பேங்க் கேட்கிறது

அலுவலருக்குப் பயந்து லைசென்ஸ் வாங்கியவர்களைவிட, ஆப்புக்காக வாங்கியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று தோன்றுகிறது. 2018-இல் உரிமமில்லாத உணவகங்களை நீக்கச் சொல்லி ஆணையம் உத்தரவிட்டதும், ஸ்விக்கி, ஸொமேட்டோ போன்ற நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளைப் பட்டியலிலிருந்து எடுத்தன. அதுவரை கெடுவை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவசர அவசரமாக விண்ணப்பம் போட்டார்கள். இப்போது சின்னக் கடனுக்கு வங்கி கேட்கிறது. கம்பெனி கேன்டீனுக்குச் சாப்பாடு போடப் போனால் மேலாளர் கேட்கிறார். சூப்பர் மார்க்கெட்டில் கடலைமிட்டாய் வைக்கக் கேட்கிறார்கள். சாப்பிடுகிறவர் கேட்காததை மற்ற எல்லாரும் கேட்கிறார்கள்.

அதே ஆப்பும் கியூ.ஆர். கோடும் இன்னொரு வேலையும் செய்கின்றன. விற்பனை இனிக் கல்லாப்பெட்டிக்குள் மறையாது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவை வைத்து டீக்கடை, பேக்கரிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போக, கடைகளில் ‘ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கியது. வரித் துறை பார்க்கும் அதே எண்ணை உணவுத் துறையும் பார்க்கத் தொடங்கினால், நம்மூர்த் தள்ளுவண்டிச் சான்றுகளில் எத்தனை நிற்கும் என்று சொல்ல முடியாது. அப்போது அபராதம் போடுவதைவிட, எல்லையை இன்றைய விலைவாசிக்கு ஏற்றபடி வைத்து, எங்கே ஆபத்து கூடுதலோ அங்கே, அதாவது கறி, முட்டை, பால், மயோனைஸ் புழங்கும் சமையலறைக்கு, விற்பனை எவ்வளவாக இருந்தாலும் சான்றுக்கு முன் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்று வைப்பது புத்திசாலித்தனம். இட்லிக்கும் ஷவர்மாவுக்கும் ஒரே படிவம் என்பதில்தான் கோளாறு.

அறுபது நாள் மௌனம்

விண்ணப்பதாரருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் ஒரு சலுகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 31-ஆவது பிரிவின்படி, உரிமம் கேட்டு இரண்டு மாதத்தில் உரிமமும் வராமல் மறுப்பும் வராமல் இருந்தால், அவர் தொழிலைத் தொடங்கிவிடலாம். அதிகாரி கிடப்பில் போட்டால் நஷ்டம் விண்ணப்பதாரருக்கு வரக் கூடாது என்று எழுதி வைத்த நல்ல பிரிவு. இதைச் சொல்லிக் கடை திறந்தவர் என்ன செய்வார்? பில்லில் அச்சிட எண் கிடையாது. ஆப்பில் நிரப்ப எண் கிடையாது. பாக்கெட் லேபிளில் அந்தக் கட்டம் காலி. வங்கி மேலாளரிடம் ‘அறுபது நாள் ஆயிற்று சார், பதில் வரவில்லை, அதனால் எனக்கு உரிமை இருக்கிறது’ என்று 31-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினால், அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அதெல்லாம் சரி, நம்பர் வந்ததும் வாங்க” என்பார்.